இன்ஜின் இறக்கும் வேலை: மோட்டார் பட்டறையினருக்கு ஒரு திறந்த மடல்



காரிலிருந்து இன்ஜினை இறக்குவது எடையைக் கைமாற்றும் வேலை. மவுண்டிங்குகள் மேல் உட்கார்ந்திருக்கும் எடை முதலில் செயினுக்கும், பிறகு தரைக்கோ ஸ்டாண்டுக்கோ போய்ச் சேர வேண்டும். நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் பெரும்பாலும் 100 முதல் 150 கிலோ வரை இருக்கும். கியர் பாக்ஸையும் சேர்த்துத் தூக்கினால் எடை இன்னும் கூடும். ஜீப், வேன் வகை டீசல் இன்ஜின்கள் 200 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். இந்த எடை ஓரிடத்தில் அசையாமல் நிற்கும்வரை ஆபத்து குறைவு. ஒரு தாங்கியை விட்டு இன்னொன்றுக்கு மாறும் சில நொடிகளில்தான் விரல் நசுங்குகிறது, கால் முறிகிறது, சில சமயம் உயிரும் போகிறது. எனவே ஒவ்வொரு போல்ட்டைக் கழற்றும் முன்பும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இது கழன்றதும் எடை எதன்மேல் நிற்கும்?

அதற்கும் முன்னால், இன்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டுமா என்பதை முடிவு செய்ய வேண்டும். கிராங்க் ஷாஃப்ட் தேய்ந்து கிரைண்டிங் போக வேண்டியிருந்தாலும், பிளாக் வெடித்திருந்தாலும், சிலிண்டரை போரிங் செய்ய வேண்டியிருந்தாலும் இறக்குவதைத் தவிர வழியில்லை. ஹெட் கேஸ்கெட் போனதற்கோ வால்வு வேலைக்கோ ஹெட்டை மட்டும் எடுத்தால் போதும். கிளட்ச் மாற்ற, பெரும்பாலான வண்டிகளில் கியர் பாக்ஸை மட்டும் இறக்கினால் போதும். அம்பாசடரின் பழைய 1489 சி.சி. இன்ஜினில் கனெக்டிங் ராடின் பெரிய முனை சாய்வாகப் பிளந்திருக்கும். இன்ஜினை இறக்காமலேயே ராடும் பிஸ்டனும் சிலிண்டர் வழியாக மேலே வரட்டும் என்று யோசித்துச் செய்த அமைப்பு அது. புகை கக்குகிறது என்றவுடன் செயின் பிளாக்கைத் தேடாமல், கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்து, கேஜ் மாட்டி ஆயில் பிரஷரையும் பார்த்துவிட்டு முடிவெடுப்பது வண்டிக்காரரின் பணத்தையும் மெக்கானிக்கின் முதுகையும் ஒருசேரக் காப்பாற்றும்.

வேலைக்கு ஏற்ற இடம் சமமான கான்கிரீட் தரை. மண் தரையில் ஜாக்கி புதையும், ஸ்டாண்டு சாயும், கிரேனின் சக்கரம் உருளாது. வேறு வழியில்லாத இடத்தில் தடித்த இரும்புத் தகட்டையோ அகலமான மரப் பலகையையோ அடியில் போட்டே ஆக வேண்டும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, முன்பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தியதும் காரை ஸ்டாண்டுகள் மேல் இறக்கிவிட வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கான கருவி, தாங்குவதற்கானது அல்ல. ஹைட்ராலிக் ஜாக்கியின் உள்ளே இருக்கும் சிறு ரப்பர் சீல் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் கிழியக்கூடியது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுத்திருப்பவருக்கு உருண்டு வெளியே வரக்கூட நேரம் இருக்காது. அடுக்கிய செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டுக்கு மாற்றாகா. ஒரு முனையில் பாரம் குவிந்தால் அவை நொடியில் நொறுங்கும். ஸ்டாண்டு வைத்த பிறகு, அடியில் நுழையும் முன், காரைப் பக்கவாட்டில் கையால் பலமாக அசைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

அடுத்தது பேட்டரி. நெகட்டிவ் முனையைத்தான் முதலில் கழற்ற வேண்டும். காரின் பாடி முழுவதும் நெகட்டிவோடு இணைந்திருப்பதால், பாசிட்டிவ் நட்டைத் திருப்பும் ஸ்பேனர் எங்காவது பாடியில் பட்டால் நேரடி ஷார்ட் ஆகும். பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜனுக்குப் பக்கத்திலேயே தீப்பொறி பறக்கும். திரும்ப மாட்டும்போது வரிசை தலைகீழ்: பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். கம்ப்யூட்டர் யூனிட்டின் கப்ளர்களையும் ஏர்பேக் சார்ந்த வயர்களையும் தொடுவதற்கு முன், பேட்டரி கழன்று சில நிமிடங்கள் போயிருக்க வேண்டும். ஆரஞ்சு நிறக் கேபிள் தெரியும் ஹைப்ரிட் கார் இந்த மடலின் எல்லைக்குள் வராது. அந்த மின்னழுத்தம் ஆளைக் கொல்லும் என்பதால், அதற்கென்று பயிற்சி பெறாதவர் அதைத் தொடவே கூடாது.

எரிபொருளில் அவசரம் கூடாது. இன்ஜெக்‌ஷன் வகைப் பெட்ரோல் கார்களில் இன்ஜினை அணைத்த பிறகும் குழாயில் ஏறத்தாழ 3 பார் அழுத்தம் நின்றுகொண்டிருக்கும். பேட்டரியைக் கழற்றும் முன்பே ஃபியூயல் பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, இன்ஜினை ஓட்டி அது தானாக நிற்கும்வரை விட்டால் அந்த அழுத்தம் இறங்கிவிடும். அப்போதும் இணைப்பைத் துணியால் சுற்றிப் பிடித்துத்தான் கழற்ற வேண்டும். காமன் ரெயில் டீசல் இன்ஜின் ஓடும்போது ரெயிலில் 1,600 பாரும் அதற்கு மேலும் போகும். இன்ஜின் ஓடுகையில் அந்தக் குழாயின் நட்டைத் தளர்த்தினால் ஊசியாய்ப் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் இறங்கும். வெளியில் தெரிவது குண்டூசிப் புள்ளிதான், வலியும் முதலில் அதிகம் இருக்காது. ஆனால் சில மணி நேரத்தில் விரலையே இழக்க வைக்கும் காயம் அது. உடனே மருத்துவமனைக்குப் போய், டீசல் உள்ளே ஏறியிருக்கிறது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். சி.என்.ஜி. வண்டியாக இருந்தால், 200 பார் அழுத்தத்தில் நிரப்பப்படும் சிலிண்டரின் வால்வை மூடிவிட்டு, குழாயில் மிஞ்சிய வாயு தீரும்வரை இன்ஜினை ஓட்டி நிறுத்த வேண்டும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு ஊர்ந்து பிட்டுக்குள் இறங்கித் தேங்கும். பிட்டில் வேலை செய்யும் பட்டறையில், எட்டத்தில் நடக்கும் வெல்டிங்கின் பொறியும் அந்த ஆவி பற்றிக்கொள்ளப் போதும். வயர் இழுத்துத் தொங்கவிட்ட பழைய கண்ணாடி பல்பு இன்னொரு எமன். அது கைதவறி விழுந்து உடைந்தால், சிவந்து எரியும் இழை நேராகப் பெட்ரோல் மேல் விழும். சார்ஜ் ஏற்றும் எல்.இ.டி. விளக்குக்கு ஆகும் காசு பட்டறைக்குப் பெரிய செலவு அல்ல. உலர் பொடி வகைத் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எரியும் பெட்ரோலில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவத்தான் செய்யும்.

ரேடியேட்டர் மூடியை இன்ஜின் ஆறிய பிறகே திறக்க வேண்டும். அந்த மூடி சுமார் 1 பார் அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்திருப்பதால்தான் உள்ளே இருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி திறந்த கணம் அது கொதித்துப் பொங்கி முகத்தில் அடிக்கும். வடித்த கூலன்ட்டைத் திறந்த தட்டில் விட்டுவைக்கக் கூடாது. அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயோ குழந்தையோ அதைக் குடித்தால் சிறுநீரகம் செயலிழக்கும். பழைய ஆயில் நாள்பட்டுத் தோலில் ஊறினால் புற்றுநோய்க்கு இடம் கொடுக்கும் என்பதால் கையுறை வேண்டும். ஆயில் படிந்த துணியைப் பையில் திணித்துக்கொண்டு வேலை செய்யும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். கழிவு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் பீப்பாயில் சேர்த்து, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுக்க வேண்டும் என்பது சட்டமும்கூட.

ஏ.சி. விஷயத்தில் எளிய வழி இருக்கிறது. பல வண்டிகளில் கம்ப்ரஸரின் குழாய்களைக் கழற்றவே வேண்டாம். கம்ப்ரஸரை மட்டும் இன்ஜினிலிருந்து அவிழ்த்து, குழாய்களோடு ஓரமாகக் கம்பியால் கட்டிவைத்தால் கேஸ் வீணாகாது. குழாயைக் கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் ஏ.சி. மெக்கானிக்கின் மெஷினால் கேஸை உறிஞ்சி எடுக்க வேண்டும். ஆர்134ஏ கேஸ் சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிப்பது. பீய்ச்சி வெளியேறும்போது தோலையும் கண்ணையும் உறைய வைக்கும். தீச்சுடரில் பட்டால் நச்சு வாயுவாகவும் மாறும்.

இதன் பிறகு, இன்ஜினையும் காரையும் இணைத்திருக்கும் ஒவ்வொன்றையும் பிரிக்கும் நிதானமான வேலை. பானட்டைக் கழற்றும் முன் கீல் இருந்த இடத்தை மார்க்கரால் வரைந்துகொண்டால் மாட்டும்போது இடைவெளி பிசகாது. கப்ளர்களையும் வேக்குவம் குழாய்களையும் கழற்றும் முன் செல்போனில் படம் பிடித்து, இரு முனைக்கும் ஒரே எண்ணை டேப்பில் எழுதி ஒட்ட வேண்டும். போல்ட்டுகளை ஒரே டப்பாவில் கொட்டுவது பெரும் தவறு. நீளமான போல்ட் குட்டைத் துளைக்குள் போனால் அடிமுட்டி அலுமினிய வார்ப்பையே பிளந்துவிடும். முன்சக்கர ஓட்டமுள்ள கார்களில் கியர் ஆயிலை வடித்த பிறகே டிரைவ் ஷாஃப்ட்டை இழுக்க வேண்டும். ஷாஃப்ட் இல்லாத ஹப்பின்மேல் காரின் பாரத்தை வைத்து உருட்டினால் சக்கர பேரிங் பல வண்டிகளில் கெட்டுப்போகும். வண்டியைத் தள்ள வேண்டியிருந்தால் வெளி ஜாயின்ட்டை ஹப்பிலேயே மாட்டி நட்டை முறுக்கி வைக்கலாம். கடைசியில், டார்ச் அடித்து இன்ஜினை ஒரு சுற்று முழுதாகப் பார்க்க வேண்டும். எர்த் பட்டை, ஸ்பீடோமீட்டர் கேபிள், ஹீட்டர் ஹோஸ் ஆகியவைதான் மறதிக்குப் பேர்போனவை. தூக்கும்போது இன்ஜின் எங்காவது சிக்கினால், சிக்கியதைத் தேட வேண்டுமே தவிர செயினை மேலும் இழுக்கக் கூடாது.

இனி தூக்குவது. தூக்கும் கருவி எதில் தொங்குகிறது என்பது முதல் கேள்வி. தகரக் கூரையின் இரும்புச் சட்டம் தகரத்தையும் காற்றையும் தாங்கப் போட்டது, இன்ஜினைத் தாங்க அல்ல. மரக்கிளையின் உள்ளே உளுத்திருப்பது வெளியில் தெரியாது. மூன்று குழாய் முக்காலி நல்ல சாதனம்தான். ஆனால் பாரம் ஏறியதும் அதன் கால்கள் விரியப் பார்க்கும், ஆயில் சிந்திய தரையில் வழுக்கவும் செய்யும். மூன்று கால்களின் அடியையும் சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைக்காமல் அதில் பாரம் ஏற்றக் கூடாது. கொக்கி மூன்று கால்களுக்கும் நடுவில் செங்குத்தாகத் தொங்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் முக்காலி கவிழும். ஹைட்ராலிக் கிரேனில் வேறொரு மயக்கம் உண்டு. 2 டன் என்று அதன்மேல் எழுதியிருப்பது கை மிகக் குறுகியிருக்கும் நிலைக்கான கணக்கு. கையை முழுதாக நீட்டினால் பல கிரேன்களில் தாங்கும் அளவு அரை டன்னுக்கு இறங்கிவிடும். கையில் உள்ள ஒவ்வொரு துளைக்கும் எவ்வளவு பாரம் என்று அதன்மேலேயே பொறித்திருக்கும்.

இன்ஜினில் கொக்கி மாட்டும் இடம் அடுத்தது. தயாரிப்பாளரே இரண்டு தூக்கு வளையங்களை, பெரும்பாலும் முன்னொன்று பின்னொன்றாக, மூலைக்கு மூலை எதிரெதிராக வைத்திருப்பார். இன்ஜினின் எடைமையம் அந்த இரண்டுக்கும் இடையில் விழும்படி கணக்கிட்ட இடங்கள் அவை. வளையம் இல்லாவிட்டால் பிளாக்கிலோ ஹெட்டிலோ உள்ள தடித்த போல்ட் துளைகளைப் பயன்படுத்தலாம். தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்த போல்ட்டாக இருக்க வேண்டும், கடையில் கிடைக்கும் பெயர் தெரியாத மெல்லிரும்பு போல்ட் கூடாது. போல்ட்டின் மரை, அதன் விட்டத்தின் ஒன்றரை மடங்காவது உள்ளே இறங்கியிருக்க வேண்டும், அலுமினியத்தில் இரண்டு மடங்கு. சங்கிலிக் கண்ணி பிளாக்கோடு ஒட்டி இறுக வேண்டும். இடைவெளி விட்டு போல்ட்டின் நுனியில் தொங்கினால் போல்ட் வளைந்து முறியும். இன்டேக் மேனிஃபோல்டு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, ஆல்டர்னேட்டர் பிராக்கெட், டேப்பெட் கவர் ஆகியவற்றில் ஒருபோதும் கொக்கி மாட்டக் கூடாது. கயிற்றை இன்ஜினைச் சுற்றிக் கட்டித் தூக்கும் பழக்கமும் ஒழிய வேண்டும். வார்ப்பின் கூர்விளிம்பு பாரம் ஏறிய கயிற்றைக் கத்தியாக அறுத்துவிடும்.

பலர் பார்க்காமல் விடுவது சங்கிலியின் கோணம். 200 கிலோ இன்ஜினை இரண்டு கால் சங்கிலியால் தூக்குவதாக வைத்துக்கொண்டால், இரண்டும் நேர்ச்செங்குத்தாக இருக்கும்போது ஒவ்வொரு காலும் தாங்குவது 100 கிலோ. கால்களுக்கு இடையில் 60 டிகிரி விரிவு வந்தால் அது 115 கிலோ ஆகும். 90 டிகிரியில் 141 கிலோ. 120 டிகிரியில் ஒவ்வொரு காலும் இன்ஜினின் முழு எடையான 200 கிலோவையும் தாங்குகிறது. 150 டிகிரியில் அது ஏறத்தாழ 386 கிலோ. தூக்கும் உயரம் போதவில்லை என்று சங்கிலியைக் குட்டையாகப் பிடித்து, கால்களைத் தட்டையாக விரிக்கும்போது நடப்பது இதுதான். இன்ஜின் எடை கூடவில்லை, ஆனால் சங்கிலியும் போல்ட்டும் சுமக்கும் இழுவை கிட்டத்தட்ட நான்கு மடங்காகிவிட்டது. அதோடு, விரிந்த சங்கிலி இரண்டு போல்ட்டுகளையும் உள்நோக்கி இழுத்து வளைக்கவும் செய்யும். கோணம் 60 டிகிரிக்குள் இருக்கும்படி நீளமான சங்கிலி போடுவது நல்லது, 90 டிகிரியைத் தாண்டவே கூடாது. இடமில்லாத காரில் திருகு உள்ள லெவலர் பட்டையை வாங்கிப் போட்டால் கோணமும் சரியாகும், இன்ஜினை முன்னும் பின்னும் சாய்த்து எடுக்கவும் முடியும். சங்கிலியை முடிச்சுப் போட்டுக் குறைப்பது, அறுந்த கண்ணியை நட்டு போல்ட்டால் இணைப்பது, வாய் விரிந்த கொக்கியைச் சுத்தியலால் தட்டி மூடுவது என இவை எதுவும் பழுதுபார்ப்பு ஆகாது. அப்படிப்பட்ட சங்கிலியின் இடம் பழைய இரும்புக் கடை.

மவுண்டிங் போல்ட்டுகளைக் கழற்றும் முன், செயின் இறுகி இன்ஜினின் பாரத்தை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். மவுண்டிங் ரப்பர் சற்றே தளர்ந்து, போல்ட் கையால் திருகும் அளவு இலகுவாக வந்தால் பாரம் மாறிவிட்டது என்று பொருள். இன்ஜின் இரண்டு அங்குலம் உயர்ந்ததும் நிறுத்தி, அது நேராகத் தொங்குகிறதா, போல்ட்டுகள் வளைகின்றனவா, முக்காலி அசைகிறதா என்று பார்க்க வேண்டும். சரியில்லாவிட்டால் திரும்ப இறக்கிச் சரிசெய்வதற்கு அந்த இரண்டு அங்குலமே தகுந்த இடம். அதற்குமேல் போன பிறகு திருத்துவது கடினம். தொங்கும் இன்ஜினுக்கு அடியில் கையோ காலோ போகக் கூடாது. அது ஊசலாடினால் உடலைக் குறுக்கே கொடுத்து நிறுத்தக் கூடாது. ஒருவர் செயினை இயக்க, ஒருவர் வழிகாட்ட, சொல் வழிகாட்டுபவருடையதாக மட்டும் இருக்க வேண்டும். நாலு பேர் நாலு திசையிலிருந்து ஏத்து, இறக்கு என்று கத்தும் இடத்தில்தான் விரல் போகிறது.

இன்ஜினை மட்டும் எடுத்துக் கியர் பாக்ஸைக் காரிலேயே விடும்போது, கியர் பாக்ஸுக்கு அடியில் மரக்கட்டை வைத்த ஜாக்கி தனியாக முட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டையும் பிரிக்கும்போது இன்ஜினின் எடை கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டில் ஒரு கணமும் தொங்கக் கூடாது. தொங்கினால் கிளட்ச் பிளேட் வளைந்துவிடும். ஆட்டோமேட்டிக் வண்டியில் டார்க் கன்வர்ட்டரின் போல்ட்டுகளை முதலில் கழற்றி, கன்வர்ட்டர் கியர் பாக்ஸ் பக்கமே நிற்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லா இன்ஜினும் மேலே வருவதில்லை. மாருதி ஆம்னியில் இன்ஜின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது, அதைக் கீழ்வழியாக இறக்குவதே இயல்பு. புதிய முன்சக்கர ஓட்டக் கார்கள் பலவற்றிலும் அடிச்சட்டத்தோடு சேர்த்துக் கீழே இறக்கும்படி நிறுவனங்கள் வடிவமைத்திருக்கின்றன. அப்போது ஸ்டீயரிங் இணைப்பும் கழலும். ஸ்டீயரிங் வீலைக் கட்டிவைக்காவிட்டால் அது சுழன்று ஏர்பேக்கின் சுருள் கேபிளை அறுத்துவிடும். இரண்டு தூண் லிஃப்ட்டில் இந்த வேலையைச் செய்யும்போது இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது. முன்பக்கத்திலிருந்து இன்ஜினின் எடை போனதும் காரின் எடைமையம் பின்னால் நகரும். வால் கனத்து, கார் லிஃப்ட்டிலிருந்து பின்பக்கமாகக் கவிழலாம். இன்ஜின் பிரியும் முன்பே பின்பக்கத்துக்கு உயரமான ஸ்டாண்டு முட்டுக்கொடுத்து, காரை லிஃப்ட்டின் கைகளோடு பட்டையால் கட்டிவிட வேண்டும்.

மேல்வழியாக எடுத்த இன்ஜின் முன் குறுக்குத் தகட்டைத் தாண்டியதும், முக்காலியாக இருந்தால், தூக்கும் முன்பே ஸ்டாண்டுகளிலிருந்து இறக்கிவைத்த காரின் சக்கரக் கட்டைகளை எடுத்து, அதைப் பின்னால் தள்ளி விலக்கிவிட்டு இன்ஜினை உடனே இறக்க வேண்டும். கிரேனாக இருந்தால் முதலில் தாழ்த்தி, பிறகே நகர்த்த வேண்டும். உயரத்தில் தொங்கும் பாரத்தோடு கிரேனை உருட்டினால், தரையில் கிடக்கும் சிறு நட்டில் சக்கரம் முட்டினாலும் கவிழும். தரையில் வைப்பதானால் பழைய டயர் நல்ல மெத்தை. ஆயில் சம்ப்பின் மேலேயே முழு எடையும் உட்காரக் கூடாது. சம்ப் நசுங்கினால் ஆயில் உறிஞ்சும் வடிகட்டி அடைபட்டு, பழுது பார்த்த இன்ஜின் ஆயில் கிடைக்காமல் மீண்டும் சீஸ் ஆகும். சுழலும் ஸ்டாண்டில் மாட்டுவதானால் நான்கு போல்ட்டுகளும் முழு மரையில் இறங்கிய பிறகே செயினைத் தளர்த்த வேண்டும். ஸ்டாண்டில் உள்ள எடை அளவைத் தாண்டிய டீசல் இன்ஜினை அதில் ஏற்றக் கூடாது.

திரும்ப ஏற்றுவது இதே வரிசையின் மறுபக்கம் என்பதால் அதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. ஆனால் சிலவற்றை மறக்க முடியாது. கியர் பாக்ஸோடு இணையாமல் இடைவெளி நின்றால், போல்ட்டைப் போட்டு முறுக்கி இழுக்கக் கூடாது. பெல் ஹவுசிங் வெடிக்கும். கிளட்ச் பிளேட்டை மையப்படுத்தி மறுபடி முயல வேண்டும். மவுண்டிங் போல்ட்டுகள் அனைத்தையும் கையால் மாட்டி, இன்ஜின் தன் எடையில் அமர்ந்த பிறகு இறுக்க வேண்டும். எர்த் பட்டையை மாட்ட மறந்தால் ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாகப் பாய்ந்து அதைச் சிவக்க வைக்கும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினால் புது பேரிங்குகள் வறண்டு ஓடாது.

தூக்கும் கருவிகளைத் தகுதியுள்ள ஒருவர் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தன் 29-ஆம் பிரிவில் வகுத்தது. நாலைந்து பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அந்தச் சட்டம் எட்டவில்லை. ஆனால் அந்தப் பட்டறையின் செயினும் அதே இரும்புதான், அதே எடையைத்தான் தூக்குகிறது. சட்டம் கேட்காவிட்டாலும் ஆண்டுக்கொரு முறை செயின் பிளாக்கைத் தகுதியுள்ளவரிடம் காட்டிச் சோதிப்பதும், தேய்ந்த கொக்கியையும் ஸ்டாண்டையும் மாற்றுவதும் பட்டறை நடத்துபவரின் கடமை. உடல் சிறியவன், எளிதாக நுழைவான் என்று தொழில் பழக வந்த பையனை வண்டிக்கு அடியில் அனுப்பும் வழக்கம் இன்றோடு நிற்க வேண்டும். அனுபவம் மிகக் குறைந்தவரை ஆபத்து மிக அதிகமான இடத்தில் நிறுத்துவது எந்த நியாயத்திலும் சேராது. இன்ஜின் பிரியும் வேளையில் அவர் நிற்க வேண்டிய இடம் மூத்த மெக்கானிக்கின் பக்கத்தில், செயினிலிருந்து விலகி, எல்லாவற்றையும் பார்க்கக்கூடிய தூரத்தில். அடுத்த இன்ஜினை இறக்கும் முன் ஒவ்வொரு பட்டறையும் இரண்டு ஜோடி நல்ல ஸ்டாண்டுகளையும் ஒரு தீயணைப்பானையும் வாங்கி வைக்க வேண்டும் என்று இந்த மடல் கேட்டுக்கொள்கிறது.